மாப்பிள்ளைக்கு வெந்நீர்

குளிக்கிற தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்பதில் இரண்டு பேர் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை. என் தங்கைக்குக் கை பொறுக்கிற சூடு இருந்தால் போதும். அவள் கணவருக்கு முதுகு சிவக்க வேண்டும். எனக்குப் பச்சைத் தண்ணீரே சுகம். விடுமுறை நாளில் ஒரே வீட்டில் கூடினால், ஒரு குழாயை ஒருவர் ஒரு பக்கம் திருகிவிட்டு வர, அடுத்துப் போகிறவர் உள்ளேயிருந்தே கத்துவார். எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

மேடம், விசாரணைக்காக நீங்கள் இரண்டு முறை என் பட்டறைக்கு வந்தீர்கள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். கேட்காததைச் சொல்லவில்லை. நேற்று என்னை அலுவலகத்துக்கு அழைத்து, விபத்து என்று எழுதி ஃபைலை மூடப்போவதாகச் சொன்னீர்கள். அதனால்தான் இதை எழுதிக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பேனா பிடித்துப் பழகிய விரல்கள் இல்லை.

என் தொழில் ரேடியேட்டர் பழுது பார்ப்பது. இருபத்திரண்டு வருஷமாக அதே வேலை. வண்டி சூடாகிறது என்று கொண்டுவருவார்கள். ரேடியேட்டரைக் கழற்றி, வாய்களை அடைத்து, உள்ளே காற்றடித்து, தொட்டித் தண்ணீரில் முக்குவேன். எங்கே குமிழி வருகிறதோ அங்கே ஓட்டை. அந்த இடத்தில் ஈயம் வைப்பேன். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் அவசரக்காரனுக்கு ஆகாது. சில ஓட்டை ஊசிமுனை அளவுகூட இருக்காது. ஒரே ஒரு குமிழிக்காகக் கால் மணி நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு குந்தியிருக்க வேண்டும். காத்திருப்பதில் மட்டும் என்னை யாரும் மிஞ்ச முடியாது என்று நினைக்கிறேன்.

ஓடுகிற என்ஜினுக்குள் சுற்றும் தண்ணீர் தொண்ணூறு டிகிரியை ஒட்டி இருக்கும். மூடியைத் தெரியாத்தனமாகத் திறந்தால் நேரே மேலே வரும். என் இடது கை முழங்கைக்குக் கீழே வழுவழுவென்று இருப்பதைப் பார்த்துவிட்டு, "இது எப்ப ஆச்சு?" என்று கேட்டீர்கள். தொழில் கற்றுக்கொள்ளும்போது என்றேன். ஆகவே சுடுதண்ணீர் ஒரு மனிதத் தோலை என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியாது என்று நான் யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது.

மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தங்கைக்கும் அவருக்கும் கல்யாணமாகிப் பதினோரு வருஷம். ஒரு கம்பெனியில் விற்பனை மேலாளர். பேச்சுதான் அவருக்குச் சோறு போடுகிறது. நல்ல மனிதர், கிண்டலாகச் சொல்லவில்லை. தங்கைக்கு மூச்சிரைப்பு வந்தால் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். எங்கள் அம்மா கடைசி ஐந்து மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, தூக்கி உட்காரவைத்து, வாய் துடைத்துவிட்டது அவர்தான். நான் பட்டறையில் இருந்தேன்.

அவரைவிட எனக்கு ஒரு வயது அதிகம். ஆனால் அவர் வீட்டு மாப்பிள்ளை. நான் "வாங்க மாப்ளே" என்பேன். அவர் "வா மச்சான்" என்பார். நான் "சாப்பிடுங்க" என்றால் அவர் "நீயும் உக்காரு" என்பார். பதினோரு வருஷமாக இப்படித்தான். பெண் கொடுத்த வீட்டில் அதை ஒரு குறையாக யாரும் நினைப்பதில்லை. எனக்கும் அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது.

அவரிடம் ஒரு பழைய ஜீப் இருக்கிறது. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவரைப் போலவே வண்டிப் பித்துப் பிடித்த ஏழெட்டுப் பேர் குடும்பத்தோடு கிளம்பி, பாதையே இல்லாத இடமாகப் பார்த்து, சேற்றிலும் பாறையிலும் ஏற்றி இறக்கிவிட்டு, ஓடைக்கரையில் சமைத்துச் சாப்பிட்டுத் திரும்புவார்கள். அந்த வண்டியின் மேலே இருக்கிற சாமான் தட்டு நான் செய்தது. ஓடையில் இறங்கும்போது என்ஜின் தண்ணீர் குடிக்காமலிருக்கக் கூரை உயரத்துக்கு ஏறும் காற்றுக்குழாய் நான் செய்தது. பின்கதவைத் திறந்தால் விரிகிற மேஜையும் நான் செய்ததுதான். யாராவது தட்டிப் பார்த்து, "எங்க வாங்குனீங்க?" என்று கேட்டால் மாப்பிள்ளை சொல்வார்: "வாங்குறதா? நான் செஞ்சது." நான் பக்கத்தில் நின்றாலும் அப்படித்தான் சொல்வார். மறைக்க வேண்டும் என்று இல்லை. அவருக்கு உண்மையிலேயே அப்படித் தோன்றும். பொருள் வேலை செய்கிறதா என்பதுதான் முக்கியம், யார் செய்தது என்பதில் என்ன இருக்கிறது. நான் எப்போதுமே அப்படி நினைக்கிறவன்.

வெந்நீர் விவகாரம் தங்கையால் வந்தது. சேற்றில் புரண்டுவிட்டு ஓடைத் தண்ணீரில் குளித்ததில் அவளுக்கு மூச்சு பிடித்துக்கொண்டு நான்கு நாள் எழுந்திருக்கவில்லை. தேறியதும் பட்டறைக்கு வந்தாள்.

"அண்ணே, கூடப் போகலன்னா அவர் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிறார். போனா எனக்கு மூச்சு வாங்குது. வண்டியிலயே சுடுதண்ணி வர்ற மாதிரி ஏதாவது செஞ்சு குடேன்."

"அடுப்புல காய்ச்சிக்க வேண்டியதுதானே."

"பதினஞ்சு பேருக்கு நடுவுல ஒரு குண்டானத் தூக்கிக்கிட்டு மறைவு தேடி ஓடச் சொல்றியா? என்ஜின்லதான் தண்ணி சும்மா கொதிச்சுக்கிட்டு கெடக்குதே, அந்தச் சூட்ட வாங்கிக்க முடியாதா? நீயெல்லாம் என்ன ரேடியேட்டர்காரன்."

சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எனக்கு அன்றைக்கு வேறு வேலை ஓடவில்லை.

உடைப்புக்கு வந்த ஒரு பேருந்தின் ஹீட்டரிலிருந்து செப்புக்குழாய்ச் சுருள் ஒன்றை எடுத்தேன். அதை ஓர் எஃகு உருளைக்குள் வைத்து இரண்டு பக்கமும் மூடிப் பற்றவைத்தேன். உருளைக்குள் என்ஜினின் சுடுநீர் ஓடும். சுருளுக்குள் குளிக்கிற தண்ணீர் ஓடும். ஒன்றையொன்று தொடாது, சூடு மட்டும் கைமாறும். வாளியில் போட ஒரு சின்ன மோட்டார். அது வண்டியின் பேட்டரியில் ஓடி, வாளித் தண்ணீரை இழுத்து, சுருள் வழியாகத் தள்ளி, ஓட்டுநர் கதவை அடுத்துச் சாமான் தட்டிலிருந்து தொங்கும் ஷவரில் கொட்டும். சுற்றிலும் கித்தான் திரை. காற்றில் விலகாமலிருக்க உட்பக்கம் ஐந்து கொக்கி.

உருளையைத் தொட்டியில் முக்கி அரை மணி நேரம் பார்த்தேன். ஒரு குமிழி இல்லை. என் கையால் செய்ததில் மிக அழகான பொருள் அதுதான். இதைச் சொல்வதற்கு இது இடமில்லை என்று தெரியும்.

முதல் ஓட்டத்தில் ஷவரில் எழுபத்தொரு டிகிரி வந்தது. குளிக்க முடியாது. அதனால் ஒரு கலவை வால்வு வைத்தேன். எவ்வளவு சூடாக வந்தாலும் பச்சைத் தண்ணீரைக் கலந்து நாற்பதுக்கு மேலே போகாமல் பிடித்துவைக்கும். திறந்து மூடும் கைப்பிடியை ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒருவர் குளிக்க வேண்டுமானால் இன்னொருவர் அங்கே உட்கார்ந்து என்ஜினை ஓட்டிக்கொண்டு கைப்பிடியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். என்ஜின் சத்தத்தில் பேச்சு சரியாகக் கேட்காது என்பதால் இரண்டு வார்த்தை பேசி வைத்துக்கொண்டோம். தண்ணீர் வேண்டுமென்றால் "விடு". நிறுத்த வேண்டுமென்றால் "போதும்". இந்த வார்த்தைகளை நான்தான் சொன்னேன். உங்கள் அறிக்கையில் அவர் சொன்னதாக இருக்கிறது.

பட்டறை முற்றத்தில் மாப்பிள்ளை அரைக்கால் சட்டையோடு நின்று சோதித்துப் பார்த்தார். கலவை வால்வு வைத்தால் தண்ணீரின் வேகம் குறையும். அவர் தலையை நீட்டி, அண்ணாந்து பார்த்தார்.

"என்ன மச்சான், இது ஷவரா, ஒழுகுற கூரையா?"

"சூடு ஏறாம இருக்கணும்னா கலந்துதான் விடணும் மாப்ளே."

"என்னையும் பச்சக் குழந்த மாதிரி குளிப்பாட்டப் பாக்கிறியா? சுளீர்னு விழணும்யா. கொஞ்சம் பாத்துச் செய்."

கொஞ்சம் பார்த்துச் செய் என்றார். வால்வைக் கழற்று என்று சொல்லவில்லை. அப்படி ஒரு வால்வு இருப்பது அவருக்கு அன்றைக்குத் தெரியவே தெரியாது.

மறுவாரம் அவர்கள் கூட்டத்தில் ஒருவரான பல் டாக்டர் தன் ரேடியேட்டரைக் கொண்டுவந்தார். வேலை முடிகிற வரைக்கும் ஸ்டூலில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர் என் முகத்துக்கு நேராக நீட்டினார். "இதப் பாருங்க, உங்க மாப்ள என்னமா மூளைக்காரர்."

வீடியோவில் மாப்பிள்ளை என் உருளையின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றார். மூன்று மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டு யோசித்தாராம். சூடு எப்படிக் கைமாறுகிறது என்பதை விளக்கினார், தப்பாக. கடைசியில் சிரித்துக்கொண்டு சொன்னார்: "ஐடியா, டிசைன் எல்லாம் நம்மளுது. நம்ம மச்சான் பத்த வெச்சதோட சரி."

கீழே ஒருவர் எழுதியிருந்தார், மச்சான்களுக்குப் பற்றவைப்பதைத் தவிர வேறென்ன தெரியும் என்று. நிறையப் பேர் அதற்குச் சிரித்திருந்தார்கள். டாக்டரும் சிரித்தார். நல்ல நகைச்சுவைதான். நானும் சிரித்தேன்.

"ஆமா டாக்டர். மூளைக்காரர்தான்," என்றேன்.

அவர் போன பிறகு ஒரு ரேடியேட்டரைத் தொட்டியில் முக்கினேன். குமிழி வந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். ஈயம் வைக்கத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை ஜீப்பைப் பட்டறைக்கு வரவழைத்துக் கலவை வால்வைக் கழற்றினேன். அந்த இடத்தில் நேர்க்குழாய் ஒன்றை வைத்துப் பற்றவைத்தேன். அவர் கேட்ட வேகம் வர வேண்டுமானால் வேறு வழியில்லை. தொழில் தெரிந்த எவரும் இதை ஒப்புக்கொள்வார்கள். புதுக் குழாய் பளபளவென்று தனியாகத் தெரிந்தது. அதன்மேல் கறுப்புப் பூச்சு அடித்து, காய்ந்த பிறகு கொஞ்சம் சேறும் பூசினேன். எதையும் அரைகுறையாக விட்டுப் பழக்கமில்லை.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நீங்கள் பலர் வாயால் கேட்டாயிற்று. நான் வழக்கமாக அவர்களோடு போகிறவன் இல்லை. அன்று போனேன். காலையிலிருந்து மேடேறி மேடேறி என்ஜின் நன்றாகச் சூடாகியிருந்தது. பகல் பன்னிரண்டு மணி வாக்கில் ஓடைக்கரையில் வண்டிகளை நிறுத்தினோம். மாப்பிள்ளை தலை முதல் கால் வரை சேறு. போனை ஒருவர் கையில் கொடுத்துப் படம் எடுக்கச் சொல்லிவிட்டு, கம்பெனிக் கூட்டத்தில் பேசுகிற குரலில் ஐந்து நிமிஷம் பேசினார். பிறகு திரைக்குள் போய்க் கொக்கிகளை மாட்டிக்கொண்டார். நான் இருக்கையில் உட்கார்ந்தேன். கண்ணாடி இறக்கியிருந்தது. கித்தானுக்கும் என் தோளுக்கும் நடுவே ஒரு முழம்தான்.

"விடு," என்றார். கால்வாசி திறந்தேன். அந்தத் திறப்பில் குழாயில் தங்கியிருந்த பச்சைத் தண்ணீரோடு கலந்து இதமாகத்தான் வந்திருக்கும்.

"ஆகா. இப்பத்தான்யா நீ மச்சான்," என்றார். வெளியே எல்லோரும் கைதட்டினார்கள். "போதும்," என்றார். மூடினேன். சோப்புப் போட ஆரம்பித்தார். பாட்டும் பாடினார்.

சுருளுக்குள் தண்ணீர் ஓடாமல் நின்றால் அது சூட்டை வாங்கிக்கொண்டே இருக்கும். மூன்று நிமிஷம் நின்றால் என்ஜின் தண்ணீருக்கும் அதற்கும் வித்தியாசம் இருக்காது. அந்த மூன்று நிமிஷமும் நான் ஆக்சிலேட்டரை மிதித்தபடி இருந்தேன். சூடு காட்டும் முள் மேலே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாராவது கேட்டால் பேட்டரி இறங்காமலிருக்க என்று சொல்ல நினைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை.

இரண்டாவது முறை "விடு" என்றார். முழுக்கத் திறந்தேன்.

இதற்கு மேலே நான் உங்களிடம் சொன்னது இதுதான்: அவர் "விடு, விடு" என்று கத்தினார்; நான் இன்னும் தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்துத் திறந்தே வைத்திருந்தேன். நீங்களும் தலையாட்டினீர்கள். உங்களுக்குத் தெரியும், இந்த ஒரு வார்த்தை எதற்கெல்லாம் ஆகிறது என்று. தண்ணீரை விடு என்றாலும் விடு. என்னை விட்டுவிடு என்றாலும் அதே விடு. பிடித்து அழுத்தப்பட்ட எவனும் முதலில் கத்துகிற வார்த்தை அது. "பாவம், பேசி வெச்ச வார்த்தையே காலை வாரிடுச்சு," என்றீர்கள். எழுதியும் வைத்துக்கொண்டீர்கள்.

வெளியே இருந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். மாப்பிள்ளை எதையும் நடித்துக்காட்டுகிறவர். இதுவும் படத்துக்காக என்று நினைத்தார்கள். தங்கை அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த இடத்திலிருந்து, "அண்ணே, என்னாச்சு?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா. இன்னும் தண்ணி கேக்கிறார்," என்றேன்.

அவள் திரும்பவும் அடுப்பை ஊதப் போனாள். அண்ணன் சொன்னால் அவளுக்கு அவ்வளவுதான்.

கண்ணில் சோப்பு. ஐந்து கொக்கியில் ஒன்றைக்கூட அவரால் கழற்ற முடியவில்லை. வழுக்கி விழுந்தார். ஷவர் மேலேயிருந்து கொட்டிக்கொண்டே இருந்தது. பல் டாக்டர்தான் முதலில் புரிந்துகொண்டு ஓடிவந்து கத்தியால் கித்தானைக் கிழித்தார். அந்தச் சத்தம் கேட்டதும் கைப்பிடியை மூடினேன். போனில் பதிவான நேரத்தை வைத்து இருபத்தாறு விநாடி என்று நீங்கள் கணக்கிட்டீர்கள். எனக்கும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது.

மருத்துவமனையில் நான்கு வாரம் கிடந்தார். முதுகு, இரண்டு தோள், கழுத்து, ஒரு காது. முகத்தைக் காப்பாற்றப் பொத்திக்கொண்டதில் வலது கை. அந்தக் கையின் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஆறியிருக்கின்றன. இனி ஸ்டியரிங் பிடிக்க முடியாது என்கிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகு கட்டு மாற்றுவது தங்கைதான். நான் தினமும் காலையில் போய்த் தட்டைப் பிடித்துக்கொள்வேன். ஈரத்துணி வைத்து ஊறவைத்துத்தான் பிரிப்பாள். அப்படியும் தோல் கூடவே வரும். அவர் சத்தம் போடமாட்டார். தலையணையைக் கடித்துக்கொள்வார், அவள் கை நடுங்கிவிடக் கூடாது என்று.

எனக்கு அதிலிருந்து சோறு இறங்கவில்லை. வெந்நீர்ச் சட்டியிலிருந்து ஆவி வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். பட்டறையில் வண்டி மூடியைத் திறக்கும்போது கை பின்னுக்கு வருகிறது. தட்டில் அவள் போடும் துணியைப் பார்க்காமலிருக்க ஜன்னலைப் பார்ப்பேன். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை, மேடம். இதை நம்புங்கள்.

ஒருநாள் கட்டுப் போட்டு முடித்துத் தங்கை வாசல்வரை வந்தாள். "அண்ணே, நீ இப்படி இளைச்சுப்போகாதே. உன் மேல என்ன தப்பு? அவர் சொன்னதத்தான நீ செஞ்சே," என்றாள். "அதுவும் நீ மட்டும் காலையில தடுக்கலன்னா அங்க நான்ல கெடந்திருப்பேன்."

அவள் சொன்ன அந்தக் காலைப் பேச்சை உங்களிடம் யாரும் சொல்லவில்லை. அவளுக்கு அது ஒரு தகவலாகவே தோன்றியிருக்காது. கிளம்புவதற்கு முன்னால், சாமான் ஏற்றும்போது அவளைத் தனியாக அழைத்துச் சொன்னேன்: "இன்னிக்கு நீ முதல்ல குளிக்காதம்மா. மாப்ள குளிக்கட்டும். அதுக்கப்புறம் நான் பாத்துச் சொல்றேன்." அவளுக்காகவே செய்த பொருளை அவளைத் தொடவிடாமல் தடுத்தேன். அவள் என் கன்னத்தைத் தட்டி, "என் மேல உனக்குத்தான் அக்கறை," என்றாள். உண்மைதான். அக்கறை இருந்தது.

இன்னொரு நாள் தங்கை துணி அலசப் போயிருந்தபோது மாப்பிள்ளை என்னைக் கூப்பிட்டார். குரல் கரகரவென்று இருந்தது.

"மச்சான், உள்ள இருந்தப்ப நான் என்ன சொல்லிக் கத்துனேன்? எவ்வளவு யோசிச்சாலும் வர மாட்டேங்குது."

நான் தட்டைக் கீழே வைத்தேன். "'விடு'ன்னுதான் மாப்ளே."

"'போதும்'னு சொல்லலியா?"

"இல்ல."

கண்ணை மூடிக்கொண்டார். "அப்ப என் தப்புதான். பேசி வெச்சத மறந்துட்டேன்." பிறகு சொன்னார்: "நீ மனசுல வெச்சுக்காதே மச்சான். பாவம், உனக்கு எப்படித் தெரியும்?"

எனக்குத் தெரியும். அதைத்தான் எழுத வந்தேன்.

அவர் "விடு" என்று கத்தவில்லை. "விடுங்க" என்று கத்தினார். "விடுங்க மச்சான், விடுங்க" என்றார். நாங்கள் பேசி வைத்த வார்த்தையில் "ங்க" கிடையாது. தண்ணீர் கேட்கிற மனிதர் பதினோரு வருஷமாக என்னிடம் எதையும் "ங்க" போட்டுக் கேட்டதில்லை. என்ஜின் சத்தத்தில் போனுக்கு அது எட்டவில்லை. ஒரு முழத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெளிவாகக் கேட்டது. அது தண்ணீருக்கான விடு இல்லை என்று முதல் தடவையே புரிந்துவிட்டது. எந்தத் தமிழ்க் காதுக்கும் புரியும்.

முதல் தடவை கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கை கைப்பிடியின் மேல்தான் இருந்தது. மூடுவதற்கு ஒரு விநாடி போதும். இரண்டாவது தடவை கேட்டது. என்னைத்தான் சொல்கிறாரா என்று காதைக் கொடுத்தேன். என்னைத்தான். மூன்றாவது தடவைக்காகக் காத்திருந்தேன். அது வருவதற்குக் கொஞ்சம் நேரமாயிற்று. அதற்குள் அவர் விழுந்திருந்தார். ஆனால் வந்தது. நான்காவது, குரலே இல்லாமல், உதடு மட்டும் சொன்னதுபோல வந்தது. அதற்கும் காத்திருந்தேன். பிறகுதான் கித்தான் கிழிந்தது.

கொல்ல நினைத்தேனா என்று நீங்கள் கேட்பீர்கள். இல்லை. கொஞ்சம் சுட்டால் கத்துவார், படத்தில் பதியும், நாலு பேர் சிரிப்பார்கள் என்ற அளவில்தான் வெள்ளிக்கிழமை நினைத்திருந்தேன். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிவைத்திருக்கிறேன். எழுபத்தொன்று என்று அளந்து பார்த்தவன் நான்தான் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

பொறாமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நான் பெயருக்காக எதையும் செய்கிறவன் இல்லை என்பதை என்னைத் தெரிந்த யாரும் சொல்வார்கள்.

நேற்று அவருடைய வாக்குமூலத்தை எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். "யோசனை, வடிவமைப்பு என்னுடையது. வேகம் பத்தவில்லை என்று வால்வைக் கழற்றச் சொன்னது நான். சமிக்ஞை வார்த்தையை மாற்றிச் சொன்னதும் நான். முழுப் பொறுப்பும் என்னுடையது. மச்சான் பற்றவைத்தார், வேறொன்றும் அவருக்குத் தெரியாது." கழற்றிய வால்வை நீங்கள் என் பட்டறையில் பார்த்தீர்கள். அப்படி ஒன்று இருந்ததே நீங்கள் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தவுடன் அதையும் தான் செய்ததாக்கிவிட்டார்.

வாசித்துவிட்டு, "தங்கமான மனுஷர். உங்க மேல ஒரு சொல்லு வரக்கூடாதுன்னு பாக்கிறார்," என்றீர்கள். நான் அழுதேன். நீங்கள் எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தீர்கள். அது குற்ற உணர்ச்சிதான். ஒரு நல்ல மனிதர், தோல் உரிந்து கிடந்தபடி, என் பாவத்தைத் தன் தலையில் போட்டுக்கொள்வதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. விடிந்ததும் எழுதத் தொடங்கிவிட்டேன்.

தண்டனை எதுவானாலும் ஏற்றுக்கொள்கிறேன். தங்கையிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. இனிமேல் கட்டு மாற்றும்போது தட்டைப் பிடித்துக்கொள்ள யாரையாவது ஏற்பாடு செய்துகொள்ளச் சொல்லுங்கள். ஒற்றையாளாக அவளால் முடியாது.

அறிக்கையில் ஒரு திருத்தம் வேண்டும். இரண்டாம் பக்கத்தில் மாப்பிள்ளை வரைந்துகொடுத்த படம் இருக்கிறது. இடது கையால் வரைந்ததால் கோடு ஆடுவதைச் சொல்லவில்லை, படமே தப்பு. சுருளுக்குள் என்ஜின் தண்ணீர் என்றும் உருளைக்குள் குளிக்கிற தண்ணீர் என்றும் மாற்றிப் போட்டிருக்கிறார். சரியான படத்தை அளவுகளோடு வரைந்து இதனுடன் இணைத்திருக்கிறேன். அதற்குக் கீழே, "கருவியைச் செய்தவர்" என்ற கட்டத்தில் அவர் பெயர் இருக்கிறது. அதை அடித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள். முடிந்தால் அவர் வீட்டுக்கே எடுத்துப் போய், அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அடியுங்கள்.